செல்லாத வண்டி

“இது கம்பெனியில செஞ்சு வந்ததா, நீங்களா மாட்டுனதா?”

2006ல் ஒரு போக்குவரத்து அலுவலகத்தின் பின்பக்க மைதானத்தில் வாகன ஆய்வாளர் என் மாமாவைக் கேட்டார். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் நான் துணைக்குப் போயிருந்தேன். மாமா தன் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரும்புச் சட்டத்தில் கோத்த சின்னச் சக்கரங்கள். “மாட்டுனதுதான் சார். இந்த மாதிரி கம்பெனியில செய்யிறதில்லையே” என்றார். ஆய்வாளர் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். கம்பெனியில் செய்யாததை ஆர்சி புத்தகத்தில் ஏற்ற முடியாது. ஆர்சியில் ஏறாத வண்டியை ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்க முடியாது. அவ்வளவுதான்.

மாமா மாமல்லபுரத்தில் மாவுக்கல் வேலை செய்பவர். உள்ளங்கை அளவுப் பிள்ளையார், யானை, தட்டில் வைக்கும் கடற்கரைக் கோயில். 1964ல் பிறந்தவர். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. உட்கார்ந்து செய்கிற தொழில் என்பதால்தான் அவரைக் கல்பட்டறையில் சேர்த்தார்கள்; கை அதைவிட நன்றாக வந்தது. ஆனால் கல் வாங்க, சரக்குக் கொடுக்க, பணம் வசூலிக்க வெளியே போயாக வேண்டும். ரொம்ப வருஷம் கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டிதான். கான்பூரில் 1972ல் தொடங்கிய அலிம்கோ என்கிற மத்திய அரசு நிறுவனம் செய்கிற மாதிரியான வண்டி. ஈசிஆரில் எதிர்காற்றில் அதைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அவர் ஏன் ஸ்கூட்டருக்குக் கடன் வாங்கினார் என்பது புரியும்.

அந்த ஆய்வாளரைத் திட்டித்தான் நாங்கள் வீடு திரும்பினோம். அத்தை அதற்கும் மேலே போய் அவர் பரம்பரையையே இழுத்தார். காசு எதிர்பார்க்கிறார் என்று எல்லோரும் முடிவுகட்டினோம். பல வருஷம் கழித்து மோட்டார் வாகனச் சட்டத்தை உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது, அந்த மனிதர் சட்டத்தில் உள்ளதை அப்படியே கேட்டிருக்கிறார்.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் ‘இன்வாலிட் கேரேஜ்’ என்று ஒரு வகை இருந்தது. ஆங்கிலத்தில் இன்வாலிட் என்றால் நோயாளி, முடியாதவர். உச்சரிப்பைக் கொஞ்சம் மாற்றினால் செல்லாதது. தமிழில் ‘செல்லாத’ என்று போட்டால் இன்னொரு அர்த்தமும் ஒட்டிக்கொள்ளும், நகராத வண்டி. அதன் வரையறை இப்படிப் போகும்: உடற்குறை உள்ள ஒருவருக்கென்றே தனியாக வடிவமைத்துக் கட்டியதாக இருக்க வேண்டும், வெறுமனே மாற்றியமைத்ததாக இருக்கக் கூடாது, அவரால் அல்லது அவருக்காக மட்டுமே அது பயன்பட வேண்டும். ‘வெறுமனே மாற்றியமைத்தது’ என்பதில்தான் மாமாவின் ஸ்கூட்டர் மாட்டியது. கடையில் வாங்கிய ஸ்கூட்டர், பட்டறையில் மாட்டிய சக்கரம். அதைவிடப் பொருத்தமாக அந்தச் சொற்றொடருக்கு ஒரு உதாரணம் கிடைக்காது. ‘அவருக்காக மட்டுமே’ என்ற பகுதியை அதிகம் மீறியவன் நான்தான். ராத்திரி பரோட்டா வாங்க அந்த வண்டியில்தான் போவேன்.

இந்த வாக்கியம் டெல்லியில் பிறந்ததில்லை. 1930ல் பிரிட்டன் இயற்றிய சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் இருக்கிறது. முதல் உலகப் போரில் கால் இழந்து திரும்பியவர்கள் அந்த நாட்டில் நிறையப் பேர். அவர்களுக்காகச் சில சிறிய நிறுவனங்கள் மோட்டார் வைத்த மூன்று சக்கர நாற்காலிகளைக் கட்டிக்கொண்டிருந்தன. அவற்றைச் சட்டத்துக்குள் ஒரு தனி வகையாகக் கொண்டுவந்தபோது, காலியாக 5 ஹண்ட்ரட்வெயிட், அதாவது சுமார் 254 கிலோவுக்கு மேல் எடை கூடாது என்றார்கள். மேலே சொன்ன நிபந்தனையையும் வைத்தார்கள். தனி வகைக்குச் சலுகைகள் உண்டு. சாதாரணக் காரில் ஒரு நெம்புகோலை மாட்டிவிட்டு யாரும் அந்தச் சலுகையைக் கேட்டுவிடக் கூடாது என்கிற பயம்தான் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்தியாவின் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அந்த வரையறையை எடுத்துக்கொண்டது. 1988ல் புதுச் சட்டம் எழுதியபோதும் அது அழியவில்லை. போர் முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக லண்டனில் எழுதிய நிபந்தனை, போலியோ வந்த சிற்பத் தொழிலாளியின் முன்னால் வந்து நின்றது இப்படித்தான்.

இங்கே பிரிட்டனில் நடந்த ஒரு கதையைச் சொல்லாமல் போக முடியாது. பெர்ட் கிரீவ்ஸ் என்று ஒரு எஞ்சினியர். அவருடைய உறவினர் டெர்ரி பிரெஸ்டன்-காப் நடக்க முடியாதவர், கையால் நகர்த்தும் நாற்காலியில் இருந்தவர். புல்வெட்டும் இயந்திரத்தோடு தோட்டத்தில் இருந்தபோது அந்த மோட்டாரை நாற்காலியில் மாட்டினால் என்ன என்று கிரீவ்ஸுக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். மாட்டினார். அதிலிருந்து 1946ல் எசெக்ஸில் ‘இன்வாகார்’ என்ற நிறுவனம் பிறந்தது. பிறகு அரசாங்கமே ஆயிரக்கணக்கில் வாங்கி மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுத்தது. வெளிர்நீல நிறம், மூன்று சக்கரம், ஒரே ஒரு இருக்கை. மனைவியையோ குழந்தையையோ ஏற்றிக்கொள்ள வழியில்லை. 1970களில் வந்த மாடலில் 500 சிசிக்குச் சற்றுக் குறைவான எஞ்சின் இருந்தது. அந்த உடம்புக்கு அது கொஞ்சம் அதிகம், பக்கக் காற்றடித்தால் ஆட்டம் காணும் என்று புகார் உண்டு. 2003 மார்ச் 31ஆம் தேதிக்குப் பிறகு அவை பிரிட்டிஷ் சாலைகளில் ஓடக் கூடாது என்று ஆகிவிட்டது. அரசு வண்டிகளைத் திரும்ப வாங்கி நசுக்கினார்கள்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அதன் தொடக்கம். ‘தனியாக வடிவமைத்துக் கட்டியது’ என்பதற்கு உலகத்திலேயே பேர்போன வண்டி, நாற்காலியில் புல்வெட்டி மோட்டாரை மாட்டிப் பார்த்ததில் தொடங்கியிருக்கிறது. கிரீவ்ஸ் அதை எடுத்துக்கொண்டு எங்கள் ஆய்வாளரிடம் வந்திருந்தால் திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்.

இந்தியாவில் இன்வாகார் மாதிரி ஒன்றை யாரும் பெரிய அளவில் கட்டவில்லை. நம்முடைய இன்வாகார் என்பது லாம்ப்ரெட்டா, பஜாஜ், கைனடிக் என்று கைக்குக் கிடைத்ததில் பட்டறைக்காரர் மாட்டிய இரண்டு சக்கரங்கள். சட்டப்படி அந்த வகையே காலி. ஆனால் நாடு முழுக்க ஆர்டிஓக்கள் இப்படிப்பட்ட ஸ்கூட்டர்களை இன்வாலிட் கேரேஜ் என்று பதிவு செய்துகொண்டுதான் இருந்தார்கள். தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கும் கிடைத்தது. பிற்பாடு மாநில அரசே ‘இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்’ என்ற பெயரில் இவற்றை இலவசமாகக் கொடுக்கவும் தொடங்கியது. வரையறையைப் படித்தவர் மறுத்தார், ஆளைப் பார்த்தவர் கையெழுத்துப் போட்டார். மாமாவுக்குக் கையெழுத்துக் கிடைக்கப் பதினோரு மாதம் ஆனது. வேறொரு ஆய்வாளர் மாற்றலாகி வந்தார், இரண்டு நிமிஷத்தில் போட்டார். அந்தப் பதினோரு மாதமும் மாமா விடியற்காலை 5 மணிக்கே, லைசென்ஸ் இல்லாமல், மீனவர் குப்பத்துச் சந்துகள் வழியாகப் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். மணல் சந்தில் இந்த வண்டிக்கு ஒரு வியாதி உண்டு. இரண்டு பக்கச் சக்கரமும் மேட்டில் ஏறி நிற்க, நடுச்சக்கரம் பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் சுழலும். யாராவது வந்து தள்ளும்வரை அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மாமாவின் காலத்தில் சட்டம் இன்னும் இறுகியும் இருந்தது. வண்டியை மாற்றுவது பற்றிய 52ஆம் பிரிவு 2000ல் திருத்தப்பட்டது. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்று அது சொன்னது. கம்பெனிதான் அளவுகோல்.

கம்பெனி எப்படி அளவுகோலாகிறது என்று பார்க்க எங்கள் பகுதியை விடத் தோதான இடம் கிடையாது. மறைமலை நகரில் ஃபோர்டு இருந்தது. சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் பிஎம்டபிள்யூ 2007லிருந்து கார்களைக் கோக்கிறது. கொஞ்சம் மேற்கே ஒரகடத்தில் ரெனோ-நிசான். அதே ஒரகடத்தில் வண்டிகளைச் சோதித்துச் சான்று தருகிற மத்திய அரசின் ஜிஏஆர்சி. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126ஆம் விதி என்று ஒன்று. புது மாடல் கொண்டுவருகிற நிறுவனம் ஒரு மாதிரி வண்டியை இப்படியொரு சோதனை நிலையத்தில் கொடுக்க வேண்டும். பிரேக், விளக்கு, புகை, சத்தம் எல்லாம் பார்ப்பார்கள். தேறினால் அந்த மாதிரிக்குச் சான்று. அதற்குப் பிறகு அதே அச்சில் வருகிற லட்சம் வண்டிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தேவையில்லை, முதல் வண்டியோடு ஒத்திருந்தால் போதும். ஹோமோலகேஷன் என்கிறார்கள். கிரேக்க வேரில் ‘ஒரே சொல்’ என்று பொருள். நம் ‘ஒப்புதல்’ என்ற சொல்லுக்குள்ளும் ‘ஒப்பு’ இருக்கிறது. இரண்டு மொழியும் எப்படியோ ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இது நல்ல முறை. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு. ஒரு தடவை ஒழுங்காகச் சோதி, பிறகு நகலெடு. ஆனால் இது நகலெடுக்கிறவர்களுக்கான முறை. ஒரே ஒரு வண்டி, ஒரே ஒரு உடம்புக்காகச் செய்தது, அது எதோடு ஒத்திருக்கும்? பிரிட்டனில் இதற்கு ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கொட்டகையில் கார் கட்டினவர்கூட அதை ஓட்டிக்கொண்டு போய், கட்டணம் கட்டி, அந்த ஒற்றை வண்டிக்கான சோதனையில் தேறினால் நம்பர் வாங்கலாம்.

நம் ஊரில் 2018க்கும் 2019க்கும் இடையில் அடுத்தடுத்து மூன்று காரியங்கள் நடந்தன. 2018 செப்டம்பரில் மத்திய அரசு, வெளிநாட்டில் சான்று பெற்ற வண்டிகளை ஒரு நிறுவனம் வருஷத்துக்கு 2,500 வரை இந்தியச் சோதனை இல்லாமலேயே இறக்குமதி செய்யலாம் என்றது. ஐரோப்பாவோ ஜப்பானோ சரி என்றால் சரிதான். 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. அகலமான டயரும் ஆட்டம்போடும் சைலன்சரும் வைத்த பையன்களுக்கு ஆப்பு என்றுதான் செய்திகள் எழுதின. பக்கச் சக்கரம் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். 2019 ஆகஸ்டில் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. ஹெல்மெட் அபராதம், லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் என்று எல்லோரும் அபராதப் பட்டியலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, அதே சட்டத்துக்குள் இரண்டு சின்ன மாற்றங்கள் இருந்தன. ‘இன்வாலிட் கேரேஜ்’ நீக்கப்பட்டு, ‘அடாப்டட் வெஹிக்கிள்’, அதாவது மாற்றியமைத்த வாகனம், என்ற வகை வந்தது. தனியாகக் கட்டியதும் சரி, இருக்கிற வண்டியை மாற்றியதும் சரி. 89 வருஷமாக எந்தச் சொல்லால் ஒதுக்கினார்களோ அந்தச் சொல்லையே எடுத்துப் பெயராக வைத்துவிட்டார்கள். 52ஆம் பிரிவும் திருந்தியது. யாரும் தன் வண்டியை அப்படி மாற்றிக்கொண்டு, பதிவு அதிகாரியிடம் பிறகு ஒப்புதல் பெறலாம். விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும், அவ்வளவே. ‘பிறகு’ என்ற சொல்லை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் மாட்டிக்கொள், அப்புறம் வந்து காட்டு.

பெயர்களும் மாறிக்கொண்டே வந்தன. நான் பள்ளியில் படித்தபோது ‘ஊனமுற்றோர்’. 2010வாக்கில் தமிழ்நாட்டு அரசு ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று துறைக்கே பெயர் வைத்தது. 2020 அக்டோபரில் பதிவுக்கான படிவம் 20ஐத் திருத்தி, உரிமையாளர் வகையில் ‘திவ்யாங்ஜன்’ என்பதைச் சேர்த்தார்கள். ஜிஎஸ்டி சலுகை கேட்க அந்தக் கட்டம் தேவைப்பட்டது. 2023ல், புது வண்டியை மாற்றியமைக்கக் கொண்டுபோவதற்கு வசதியாகத் தற்காலிகப் பதிவு தருவது பற்றி வரைவு அறிவிப்பு ஒன்றும் வந்தது. மாமாவுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. அவரை ஊரில் எல்லோரும் ‘நாலு சக்கரம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இந்தக் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. காசிமேட்டிலும் நம் கடற்கரைச் சந்தைகளிலும் ஓடுகிற மீன்பாடி வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் பழைய பைக் எஞ்சினை வைத்தது. வடக்கே ஜுகாட் என்பார்கள். அதுவும் மோட்டார் வாகனம்தான், பதிவு முதலான சட்டத் தேவைகள் அதற்கும் பொருந்தும் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவு செய்ய வேண்டும், ஆனால் பதிவாவதற்கான சான்று அதற்கு எங்கேயும் கிடைக்காது. இன்னொரு ஓரத்தில், மோட்டார் வாகனமே இல்லை என்று தப்பிக்கிற வண்டிகள். 25 சிசிக்கு மேற்படாத எஞ்சினுள்ள, நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டி சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம் கிடையாது. சென்னை ஐஐடியில் உருவாகி 2021ல் வெளிவந்த நியோபோல்ட், சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொள்ளும் மின்மோட்டார். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும், ஒரு சார்ஜுக்கு ஓரளவு தூரம்தான். மாமாவுக்கு வீடியோ காட்டினேன். ரசித்துப் பார்த்தார். பிறகு, “செங்கல்பட்டு வரைக்கும் போயிடலாம். யார்றா திரும்பக் கூட்டிட்டு வருவா?” என்றார். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு சுமார் 30 கிலோமீட்டர்.

சோதனையே வேண்டாம், யார் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டு ஓடட்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2009ல் திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு வளைவில் மாமாவின் வண்டியில் இடது பக்கச் சட்டம் வெல்டிங்கோடு பிய்ந்தது. இந்த வண்டி மற்ற ஸ்கூட்டர் மாதிரி வளைவில் சாயாது, ஓட்டுகிறவர்தான் உடம்பைச் சாய்க்க வேண்டும். மொத்த பாரமும் அந்தப் பற்றவைப்பில் போய் விழும். காரை எலும்பு முறிந்து மூன்று மாதம் உளி பிடிக்கவில்லை. பிய்ந்த இடத்தைப் பிறகு நான் பார்த்தேன். சுற்றிலும் பற்றவைத்திருக்க வேண்டியதை நாலு இடத்தில் பொட்டு வைத்து விட்டிருந்தார்கள். குனிந்து பார்த்தால் பதினாறு வயதுப் பையனுக்கே தெரிந்திருக்கும். அந்த மைதானத்தில் மூன்று முறை போய் நின்றோம், மறுத்தவரும் குனியவில்லை, கையெழுத்துப் போட்டவரும் குனியவில்லை. முதலாமவருக்கு யார் செய்தது என்பதுதான் கேள்வி, இரண்டாமவருக்குக் கேள்வியே இல்லை. மாமா அன்றைக்குக் கேட்டுப் போனது சலுகை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அவர் உண்மையில் கேட்டது, இதில் ஏறிப் போகலாமா என்று வண்டி தெரிந்த ஒருத்தர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான். விபத்துக்குப் பிறகு அவரே ஒரு நாள் அப்படிச் சொன்னார்.

2021 கடைசியில் ஆர்சிக்குப் பதினைந்து வருஷம் முடிந்து புதுப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பத்தை நான்தான் ஆன்லைனில் நிரப்பினேன். லைசென்ஸ் பக்கத்தில் முன்பு ‘ஐஎன்விசிஆர்ஜி’ என்று இருந்த சுருக்கத்தின் இடத்தில் ‘ஏடிபிவிஇஎச்’ இருந்தது. யாரோ ஒரு டெவலப்பர் ஒரு பட்டியலில் ஒரு வரியை மாற்றியிருப்பார், ஐந்து நிமிஷ வேலை. அதற்குப் பின்னால் இத்தனை கதை இருப்பது அவருக்குத் தெரிந்திருக்குமா?

மைதானத்தில் முகக்கவசம் போட்ட ஓர் இளம் ஆய்வாளர். நாங்கள் இரண்டு பேரும் பழைய கேள்விக்குத் தயாராகத்தான் போயிருந்தோம். அச்சடித்த சட்டப் பிரிவுகூட என் பையில் இருந்தது. அவர் ஹார்ன் அடித்துப் பார்த்தார். விளக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, பக்கச் சக்கரத்தைக் காலால் ஒரு எத்து எத்தி, முட்டி போட்டு உட்கார்ந்து சட்டத்துக்கு அடியில் கையை விட்டுத் தடவினார்.

“வெல்டிங் எங்கண்ணா பண்ணீங்க? நல்லா பண்ணியிருக்காங்களே.”

மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. முதலில் யார் செய்தார், அது எப்படிப் பிய்ந்தது, அடுத்த பட்டறைக்காரர் எத்தனை எம்எம் பட்டை போட்டார், மணலில் மாட்டாமல் இருக்கச் சக்கரத்தை அரை இஞ்ச் தூக்கி வைக்கச் சொன்னது தன் யோசனை என்று ஆரம்பித்தார். பின்னால் ஏழெட்டு வண்டி நின்றுகொண்டிருந்தது. ஆய்வாளர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாமா நிறுத்துவதாக இல்லை.